மேட்டில் நின்ற வண்டி

தராசில் ஏற்றி எடை பார்த்த ஒருத்தியிடம் போய் மனதைத் திறப்பது எப்படி? ஐம்பத்தெட்டு கிலோ. கைப்பை நாலு. குளிர்காலத்தில் அந்த நீலக் கம்பளிக் கோட்டோடு அறுபது. இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு அவள் எதிரே உட்கார்ந்து அழ முடியுமா? அழுகிறவளுக்கு எதிரே இருப்பவளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் நல்லது.

இதையெல்லாம் ரோவீனா மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டாள். தராசில் நின்ற பிலிப்பாவிடம், "ஐம்பத்தெட்டு. மூணாவது சீட்" என்று மட்டும் சொன்னாள்.

ஃபிளிண்டர்ஸ் தீவின் விமான நிலையம் என்பது ஒரு கூடம், ஒரு மேசை, ஒரு தராசு. பத்துப் பேர் ஏறும் விமானம். மூட்டையோடு மனிதரையும் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். பதினாறு வருடமாக அந்த மேசை ரோவீனாவுடையது. பிலிப்பா, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கடலுக்கு அப்பால் லான்செஸ்டன் நகரத்திலிருந்து வந்து போகும் மனநல ஆலோசகர். தீவில் நேரில் பார்க்கக்கூடிய ஆலோசகர் அவள் ஒருத்திதான்.

ரோவீனாவுக்கு ஆலோசகர் தேவைப்பட்டது ஜூன் மாதத்துச் சங்கதியால். பயணிகளை ஏற்றிக் கதவைச் சாத்திய பின் அவள் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அப்பால் வந்துவிட வேண்டும். அன்றைக்கு அவள் வரவில்லை. வலது இறக்கையின் விசிறி சுற்ற ஆரம்பித்திருந்தது. அவள் அதற்குப் பக்கத்தில், கோட்டுக்கு உள்ளே, அசையாமல் நின்றாள். விமானி டெக்லன் எஞ்சினை அணைத்து இறங்கி வந்து, அவள் முழங்கையைப் பிடித்து அப்பால் கொண்டுவந்து விட்டான்.

"என்ன ரோ, நின்னுகிட்டே தூக்கமா?"

"ஆமா."

தூக்கம் இல்லை. எதையும் செய்ய வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. செய்யக் கூடாது என்றும் நினைக்கவில்லை. அந்த இரண்டாவதுதான் பிறகு அவளை உலுக்கியது. அதற்கும் சில மாதங்கள் முன்பிருந்தே எதிலும் ருசி இல்லை. கணவன் கார்த் அடிக்கும் பகடிக்கு எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது நினைவில் இருந்ததால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாலு மாதம் கழித்து டாக்டரிடம் போய்த் தூக்கம் வரவில்லை என்றாள். அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதினார். வருடத்துக்குப் பத்து முறை ஆலோசகரைப் பார்க்கலாம், செலவில் ஒரு பங்கு அரசாங்கத்துடையது. பிலிப்பாவிடம் போகலாம், இல்லாவிட்டால் இணையத்தில் தேடிக்கொள்ளலாம்.

வெளியே மேசையில் உட்கார்ந்திருந்தவள் நோலீன், கார்த்தின் அக்கா. கடிதத்தை வாங்கி அவள்தான் பதிய வேண்டும்.

"பிலிப்பாகிட்ட புதன்கிழமை பதினோரு மணி காலியா இருக்கு. போட்டுடவா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"இதுல யோசிக்க என்னடி இருக்கு? நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"நீ விட மாட்டே. வாசல்ல நிக்கிற என் வண்டி விடுமே."

நோலீன் சிரித்துவிட்டாள். "அதுவும் வாஸ்தவம்தான். போன மாசம் ஒரு புதன்கிழமை ட்ரெவர் வண்டி இங்க நின்னுது. மறுநாள் மூணு வீட்லேருந்து அவனுக்கு சூப்பு போச்சு. அந்த மனுஷன் பல்லு பிடுங்க வந்திருந்தான், பாவம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "கம்ப்யூட்டர்ல பேசப் போறியா? அந்தப் பொட்டி உன் மூக்கைத் துடைச்சு விடுமா?"

"என் மூக்கை நானே துடைச்சுப்பேன், நோலீன்."

அன்று மாலையே தேடினாள். பட்டியலில் இருந்த எல்லோரும் ஒரே செடிக்கு முன்னால் உட்கார்ந்து சிரிப்பது போலிருந்தது. உங்கள் பிரச்சினை எது என்று கேட்டுக் கீழே கட்டங்கள்: துக்கம், கோபம், திருமணம், குழந்தைப் பருவம். தன்னுடையது எந்தக் கட்டம் என்று தெரியாமல், தூக்கம் என்பதைத் தொட்டாள். பதினோரு பேருக்கு எழுதினாள். ஆறு பேர் இடமில்லை என்றார்கள். மூன்று பேரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் மகிழ்ச்சிக்கான முப்பது வழிகள் என்று ஒரு தாளை அனுப்பிவைத்தார். பதினோராவது, கடலுக்கு அந்தப் பக்கம் பல்லாரட் என்ற ஊரில் இருக்கும் இங்ரிட் வேசி. படத்தில் செடி இல்லை. பின்னால் ஒரு இரும்பு அலமாரி, அதன் ஒரு கதவு சரியாகச் சாத்தாமல்.

"திரையில் பேசுவது எல்லோருக்கும் ஒத்துவராது" என்று இங்ரிட் எழுதியிருந்தாள். "முதலில் அரைமணி நேரம் பேசிப் பார்ப்போம், கட்டணம் வேண்டாம். உங்களுக்கு ஒத்துவராது என்று எனக்குத் தோன்றினால் சொல்லிவிடுவேன். உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் சொல்லுங்கள்."

அரசுப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. கூடவே வந்த படிவத்தில் இரண்டு கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போட்டிருந்தது. எந்த இடத்தில் உட்கார்ந்து பேசுவீர்கள்? அவசரம் என்றால் உங்களிடம் ஓடிவரக்கூடிய ஒருவர் பெயர் என்ன? தீவில் ஓடிவராதவர் ஒருவரும் இல்லை. எழுதுவதற்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. இரண்டையும் காலியாக விட்டு அனுப்பினாள்.

வீட்டில் பேச முடியாது. தென்மேற்குக் காற்று அடித்ததால் கார்த் கடலுக்குப் போகாமல் சமையலறையிலேயே இறால் கூண்டுகளை முடைந்துகொண்டிருந்தான். பலகைச் சுவர். இந்த அறையில் தும்மினால் அந்த அறையிலிருந்து பதில் வரும். செவ்வாய்க்கிழமை மதியம், டீசல் போட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, லேடி பேரன் என்ற ஊருக்குப் போகும் சாலையில் மேட்டின் உச்சியில் ஓரம் கட்டினாள். அங்கே அலைபேசி கோபுரம் நேர் எதிரே தெரியும். அலைபேசியை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்தாள்.

இங்ரிட்டுக்கு அறுபது வயது இருக்கும். கரகரத்த குரல். "இப்போ எங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"வண்டியில. மேட்டு மேல."

"பக்கத்துல ஒரு ஆள் பேரு கேட்டிருந்தேன். அது இல்லாம நான் தொடங்கக் கூடாது."

வாயைத் திறப்பதற்குள் கண்ணாடியில் தட்டும் சத்தம். சாலை செப்பனிடும் மெர்வின், பெரிய இயந்திரத்தை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வந்து நின்றான். இந்தத் தீவில் நின்ற வண்டியைத் தாண்டி யாரும் போக மாட்டார்கள். ரோவீனாவே ஒருநாளும் போனதில்லை. தன் வண்டியும் நின்ற வண்டிதான் என்பது மட்டும் அவளுக்கு உறைக்காமல் போய்விட்டது.

"என்ன ரோ, வண்டி படுத்துடுச்சா?"

"இல்ல மெர்வின். போன் பேசிட்டிருக்கேன்."

"நீ நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்."

"கயிறு இருக்கு. இழுத்துட்டுப் போகவா?"

"வண்டி ஓடுது."

"ஓடற வண்டியை எதுக்கு நிறுத்தி வச்சிருக்கே?" அவனுக்குத் திருப்தியில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் தபால் வண்டி வந்து நின்றது. ஜாஸ்லின் இறங்கும்போதே கையில் ஒரு காலிஃபிளவர்.

"முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கே, ரோ. நல்லாத்தானே இருக்கே?"

"நல்லா இருக்கேன்."

"இந்தா, வச்சுக்க. தோட்டத்துல தலைக்கு மேல விளைஞ்சு கிடக்கு. வேணாம்னு சொன்னே, இங்கயே உட்கார்ந்து அழுவேன்." அலைபேசியைப் பார்த்தாள். "யாரு, உன் சித்தி பொண்ணா?"

"ஆமா."

"நல்லா இருக்கியா கண்ணு?" என்று ஜாஸ்லின் திரையைப் பார்த்துக் கையாட்டினாள். இங்ரிட்டும் ஆட்டினாள்.

தபால் வண்டி சரிவில் இறங்கி மறைந்தது.

"பத்து நிமிஷத்துல ரெண்டு பேர் கேட்டாங்க" என்றாள் இங்ரிட். "ரெண்டு பேர்கிட்டயும் நல்லா இருக்கேன்னு சொன்னீங்க. குரல்ல ஒரு பிசிறு இல்ல. நானே நம்பிட்டேன்."

"பழக்கம்."

"நான் கேட்டா என்ன சொல்வீங்க?"

காற்றில் சிக்னல் தடுமாறியது. திரையில் இங்ரிட்டின் முகம் பாதி மூடிய கண்களோடு உறைந்து நின்றது. அழகான முகம் இல்லை. உறைந்தபோது இன்னும் மோசமாக இருந்தது. தன்னைப் பார்க்காத அந்த முகத்தைப் பார்த்து ரோவீனாவுக்குப் பேச வந்தது.

"டெக்லன்னு போட்டுக்குங்க. அந்தப் பேரை."

சில விநாடிகள் கழித்துக் குரல் மட்டும் வந்தது. "டெக்லன் யாரு? உங்க வீட்டுக்காரரா?"

"விமானி. கார்த்துக்கு எதுவும் தெரியாது. டெக்லன் பார்த்தான்."

"எதைப் பார்த்தார்?"

சொன்னாள். கதவு, விசிறி, மஞ்சள் கோடு, முழங்கை. தூங்கினேன் என்று பொய் சொன்னது. எதையும் செய்ய வேண்டாம் என்றுகூட அப்போது தோன்றாமல் இருந்தது. நாலு மாதம் சுமந்தது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துபோனதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இங்ரிட் ஐயோ என்று சொல்லவில்லை. நேராக மூன்று கேள்விகள் கேட்டாள். அது மறுபடி வந்ததா? இன்றைக்கு அப்படி இருக்கிறதா? உயிரை விட வேண்டும் என்று ஏதாவது எண்ணம் உண்டா? மூன்றுக்கும் இல்லை என்றாள் ரோவீனா. சொல்லும்போது ஒவ்வொன்றையும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமைதோறும் நான் இருப்பேன்" என்றாள் இங்ரிட். "ஆனா நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கேன். இப்போ சொன்னது உங்க டாக்டருக்கும் தெரியணும். ரெண்டு பேரும் இருந்தா இது சரிவரும். திரை மட்டும்னா நான் ஒத்துக்க மாட்டேன். உங்களுக்கு எப்படித் தோணுது?"

ரோவீனா யோசித்தாள். இந்த அம்மாளின் எடை அவளுக்குத் தெரியாது. இவளை எந்த நாளும் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. "சரிவரும்" என்றாள். "டாக்டர்கிட்ட நாளைக்கே சொல்றேன்."

அப்போது எதிர்ப்பக்கம் கார்த்தின் லாரி வந்து நின்றது. சாலையைக் கடந்து வந்தவனின் விரல்களில் கூண்டு முடையும் கயிற்றின் நார் ஒட்டியிருந்தது.

"மெர்வின் நம்ம வீட்டு வழியா போனான். நீ மேட்டுல நிக்கிறேன்னு சொன்னான்." ஜன்னல் வழியே உள்ளே பார்த்தான். "யாரு அது?"

"இங்ரிட். மனநல ஆலோசகர்."

கார்த் தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தான். ஏதோ கணக்குப் போடுவது போல உதடு அசைந்தது.

"என்னைப் பத்தியா பேசறே?"

"இல்ல. என்னைப் பத்தி."

"வீட்லயே பேசலாமே, ரோ. நான் கொட்டகைக்குப் போயிடறேன்."

"இங்கயே பேசிக்கறேன். இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

"சரி." ஜன்னல் விளிம்பில் வைத்த கையை அவன் எடுக்கவில்லை. "கிளம்பிடறேன். நல்லா இருக்கேன்னு மட்டும் ஒரு தடவை சொல்லு. போயிடறேன்."

சொல்லச் சுலபமான வார்த்தை. இந்த மதியத்தில் மட்டும் இரண்டு முறை வாயிலிருந்து வந்திருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். பயந்த முகம். பயத்தை அவனிடம் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. திரையில் இங்ரிட் எங்கேயோ பார்ப்பது போலக் கீழே குனிந்திருந்தாள்.

"அதை மட்டும் சொல்ல மாட்டேன், கார்த்" என்றாள், மெதுவாக.