ஏழாவது தாள்

இடுப்பு பெல்ட்டில் தொங்கிய தாள்களை அவர் மறுபடியும் எண்ணினார். ஆறு. பூட்ஸை நகர்த்தித் தரையைப் பார்த்தார், சட்டைப்பையைத் துழாவினார். ஆறுதான். ஏழு இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் புது ரோல் மெல்ல உறுமியபடி சுழலத் தொடங்கியிருந்தது.

பாடப்புத்தகம் அச்சாகும் அந்தக் கூடத்தில் அவருக்குத் தோரணம் என்று பட்டப்பெயர். காகித ரோல்களைத் தயார் செய்வது அவர் வேலை. ஓடுகிற ரோல் தீரும்போது அங்கே இயந்திரத்தை நிறுத்த மாட்டார்கள். புது ரோலின் முனையில் ஏழு துண்டு இருபக்க டேப்பை ஒட்டி, அதன் மேலிருக்கும் வழவழப்பான தாளை உரித்துவிட்டால் பசை வெளியே வரும். பழைய காகிதத்தின் வேகத்துக்கே புது ரோலையும் சுழலவிட்டு இரண்டையும் ஓர் அழுத்து அழுத்தினால், கண் மூடித் திறப்பதற்குள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடும். ஒரு துண்டில் தாளை உரிக்க மறந்தாலும் போச்சு. அந்த இடத்தில் காகிதம் பிளந்து, கிழிந்து, உருளைகளில் எல்லாம் சுற்றிக்கொள்ளும். பிடுங்கி எடுத்துத் திரும்பக் கோர்க்க ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மற்றவர்கள் டேப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, பசை பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்வார்கள். அவர் மட்டும் உரித்த தாள்களை பெல்ட்டில் வரிசையாகச் செருகிக்கொண்டு எண்ணுவார். கோமாளித்தனம் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஒரு வருஷமாக அவருடைய விரல் நுனிகள் உறைக்குள் கிடப்பதுபோல மரத்துக் கிடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை செய்த வேலை. மனைவிக்கும் தெரியாது.

இந்த மாதத்தில் அவர் தயார் செய்த ரோல் ஏற்கெனவே இரண்டு முறை கிழிந்துவிட்டது. இன்னொரு தடவை கிழிந்தால் கிடங்குக்குப் போய்விடுங்கள் என்று ஃபோர்மேன் மரியாதையாகவே சொல்லியிருந்தார். கிடங்கில் நாளெல்லாம் கட்டுகளைச் சுமக்க வேண்டும். விரல்களைப் போலவே மரத்துவிட்ட இந்தக் கால்களோடு அங்கே ஒரு வாரம் தாங்க மாட்டார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

ஒருவேளை ஏழாவது தாள் காற்றில் பறந்திருக்கலாம். மின்விசிறி அப்படித்தான் அடிக்கிறது. உரித்ததாகத்தான் ஞாபகம், ஆனால் அந்த ஞாபகம் நேற்றையதாகவும் இருக்கலாம். இந்தச் சுழற்சியில் இனி கண்ணால் எதையும் பார்க்க முடியாது.

கட்டுப்பாட்டு மேடையில் நின்றது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. வீட்டில் எல்லாரும் கூடியிருந்த ஒரு நாள், கூடத்திலிருந்து சமையலறை வரை அவர் ஒற்றைச் செருப்போடு நடந்து போனார். மற்றது கழன்றதே தெரியவில்லை. "மாமா, அது பாவம், அதையும் கூட்டிட்டுப் போங்க" என்றான் மச்சினன். வீடே சிரித்தது. அப்புறம் தனியாக வந்து, டாக்டரைப் பாருங்கள் என்றும் சொன்னான். சிரிப்பைவிட அதுதான் அவரைச் சுட்டது. என் உடம்பைப் பற்றிப் பேச நீ யார் என்று கத்திவிட்டார். அதன் பிறகு இயந்திர இரைச்சலுக்காக ஏற்பட்ட கை ஜாடைகள்தான் அவர்களுக்குள் இருந்த ஒரே உறவு.

பழைய ரோலில் மீதி எவ்வளவு என்று காட்டும் எண் திரையில் இறங்கிக்கொண்டிருந்தது. எழுநூறு மீட்டர். அறுநூறு.

கையைத் தூக்கினால் இயந்திரம் நிற்கும். ஏன் விரலால் தொட்டுப் பார்க்கவில்லை என்று யாராவது கேட்பார்கள். கிழிவதைவிட அந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்தார். காப்பாற்று ஆண்டவனே என்று மனம் தொடங்கியது. எதிலிருந்து என்று சொல்ல வரவில்லை. என் பொய் பிடிபடாமல் காப்பாற்று என்று அவனிடம் எப்படிக் கேட்பது? அவருக்குக் கூச்சமாக இருந்தது.

நானூறு. அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கினார்.

மச்சினன் ஒரு கணம் அவரையே பார்த்தான். பிறகு சிவப்புப் பட்டனை அழுத்தினான்.

சத்தம் அடங்க வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. அவன் இறங்கி வந்து டேப்பின் மேல் விரலை வைத்தான். ஒவ்வொரு துண்டிலும் விரல் ஒட்டி ஒட்டி விடுபட்டது. ஐந்தாவதில் வழுக்கிக்கொண்டு போனது. அவன் அவர் கையைப் பிடித்து, ஒரு விரலை அதன்மேல் லேசாக வைத்தான். பிறகு பக்கத்துத் துண்டின்மேல் வைத்தான்.

"மாமா, ரெண்டும் ஒண்ணாவா இருக்கு?"

"எனக்கு எல்லாமே ஒண்ணாத்தான் இருக்கு."

"எத்தனை நாளா?"

"அந்தச் செருப்புக்கு முன்னாலேருந்தே."

மச்சினன் தலை குனிந்துகொண்டான். அந்தத் தாளை அவன் உரித்து எடுக்கும்போது ஃபோர்மேன் ஓடி வந்துவிட்டார். யார் நிறுத்தியது என்று கேட்டார்.

"நான்தான் சார். ஒட்டறதுல ஒரு சந்தேகம். சந்தேகம் வந்தா நிறுத்துன்னு நீங்கதானே போர்டுல எழுதி வெச்சிருக்கீங்க."

ஃபோர்மேன் தம்மை அறியாமல் திரும்பிப் போர்டைப் பார்த்தார். அந்த இடைவெளியில் மச்சினன் மாமாவின் பூட்ஸை ஓங்கி மிதித்தான், வாயைத் திறக்காதீர்கள் என்று. மிதி பலமாகத்தான் விழுந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

"சார்," என்றார் அவர். "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஃபோர்மேன் அவருடைய முகத்தையும், பெல்ட்டில் ஆடிய தாள்களையும் பார்த்தார். குரல் தணிந்தது. "முதல்ல இது ஓடட்டும். சாப்பாட்டு நேரத்துல வாங்க, உக்காந்து பேசுவோம்."

மச்சினன் மேடையேறினான். ரோல் மீண்டும் உறுமி வேகம் பிடித்தது. எண் நூறுக்கு வந்தது, ஐம்பதுக்கு வந்தது. அழுத்துகிற சத்தம் ஒன்று கேட்டது. புதுக் காகிதம் பழையதன் பின்னால் ஓடிப் போயிற்று. மேடையில் மச்சினன் திரையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய சட்டைப்பையில் செருகியிருந்த ஏழாவது தாள் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.