ஏறிய எடை

"வயித்த லேசா அழுத்தணும் தம்பி. மய்யித்துக்குச் செய்ற முறை," என்றார் ஹாஜ் பயூமி.

"அதத் தொடாதீங்க, ஹாஜ்," என்றான் ரத்வான்.

குளிப்பாட்டும் பலகையில் அவன் மகன் ஷிஹாப் உயிரில்லாமல் கிடந்தான். கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் உருண்டு, தொப்புள் பிதுங்கி நின்றது. ஹாஜ் காரணம் கேட்கவில்லை. அந்தத் தெருவில் எல்லோரையும் கடைசியாகக் குளிப்பாட்டியவர் அவர்தான். வயிற்றின் மேல் தண்ணீரை மெல்ல ஊற்றினார்.

பிறக்கும்போதே பித்தக்குழாய் அடைபட்ட பிள்ளை. ரத்வானின் ஈரல் பொருந்தியது. ஒரு துண்டை வெட்டி வைக்கலாம் என்றார்கள். டாக்டரம்மா நிவீன் ஒன்றுதான் கேட்டார். பையன் பத்துக் கிலோ வர வேண்டும், ரத்தத்தில் புரதம் ஏற வேண்டும், இல்லாவிட்டால் தையல்கூட ஆறாது. உப்பு கூடவே கூடாது என்றும் சொன்னார். யார் தட்டிலும் கைவைக்கிற பிள்ளை என்பதால் வீடு முழுக்க உப்பை விட்டது. ரத்வானின் மனைவி நக்லா வெள்ளைப் பாலாடைக்கட்டியைக்கூட இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை மாற்றி, உப்பு போன பிறகே ஊட்டுவாள்.

ரத்வான் மைக்ரோபஸ் ஓட்டுகிறவன். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டாண்டு பக்கத்து வெங்காய மண்டித் தராசில் மகனை உட்கார்த்துவான். மாதக்கணக்கில் அசையாத முள், திடீரென்று வாராவாரம் ஏறத் தொடங்கியது. பத்தைத் தாண்டிய அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டாண்டு முழுக்கச் சிவப்புச் சர்பத் ஊற்றினான்.

"என்னடா, ஒனக்கு முன்னாடி ஒம் மவனுக்குத் தொப்பை விழுந்துடுச்சு?" என்றான் ஒரு டிரைவர். எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவன் ரத்வான்தான்.

அன்று மாலை நக்லா பிள்ளையின் கால்சட்டை நாடாவைத் தளர்த்திக்கொண்டே சொன்னாள். "ஷிஹாப் அப்பா, வயிறு கல்லாட்டம் இருக்கு. நாளைக்கே காட்டிட்டு வந்துடலாம்."

"பெத்தவளே கண்ணு வைக்காத. டாக்டரம்மா குடுத்த தேதி வரட்டும், போவோம்," என்று எரிந்து விழுந்தான். கண்ணேறு படாமலிருக்கப் பிள்ளையின் சட்டையில் இன்னொரு நீலமணியையும் குத்திவிட்டான்.

தேதி வந்தது. காய்ச்சலும் கூடவே வந்தது. டாக்டரம்மா தராசுப் பக்கமே திரும்பவில்லை. பிள்ளையின் மேல்கையை நாடாவால் அளந்தார், ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் ரத்வானைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏறினது சதை இல்லப்பா, தண்ணி. ரத்தத்துல ஆல்புமின்னு ஒரு புரதம். அது இவனுக்கு இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல. அது குறைஞ்சா தண்ணி ரத்தத்துல நிக்காது, வயித்துல இறங்கிடும். இப்போ அந்தத் தண்ணில கிருமி விழுந்திருக்கு." "வயிறு பெருத்த அன்னைக்கே ஏம்ப்பா கூட்டிட்டு வரல?"

நக்லா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதும் அவனைத் திட்டவில்லை. இன்று விடியற்காலையில் பிள்ளையின் மூச்சு நின்றபோதும் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் தாங்கியிருப்பான்.

மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். உடலைச் சுற்றிய கஃபன் துணியோடு சேர்த்துத் தூக்கியபோது பிள்ளை கனத்தான்.

பக்கத்து வீடுகளிலிருந்து தட்டுத் தட்டாகச் சோறும் கறியும் வந்தன. யாரோ வற்புறுத்த, ரத்வான் ஒரு வாய் வைத்தான். உப்பு நாக்கில் சுரீரென்றது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு உப்பு! நல்ல ருசியாக இருந்தது. அதுதான் அவனைக் கொன்றது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் காலை அடுப்படிக்குள் நுழைந்தான். நக்லா அங்கேயே பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. மேடை மேல் தட்டால் மூடிய கிண்ணம். திறந்தான். தண்ணீருக்குள் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி.

கிண்ணத்தைச் சாய்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டினான். குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் பிடித்தான். முன்பிருந்தபடியே தட்டால் மூடி வைத்தான்.