தலைமாட்டில் கஜலட்சுமி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொங்கல் மலர் ஒன்றுக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். தலைப்பு: படுக்கையறைச் சாமான்களைத் தேர்ந்தெடுப்பதும் பராமரிப்பதும். மலர் ஆசிரியர் நாச்சியப்பன், கதை கிதை எதுவும் வேண்டாம், வீட்டுக்குப் பயன்படுகிற மாதிரி நாலு விதி எழுதிக் கொடுத்தால் போதும் என்று கண்டிப்பாகச் சொன்னார். எழுபத்திரண்டாம் வருஷம், காரைக்குடியில் எனக்கு வேறு வேலையும் இல்லை. ஒப்புக்கொண்டு உட்கார்ந்தேன்.

விதி ஒன்று: கட்டில் வாங்கும் முன் அறையை அளக்க வேண்டும்.

இதை எழுதியதும் ஒக்கூர் சேதுபதியின் ஞாபகம் வந்துவிட்டது. கட்டுரை அதோடு நின்றுபோயிற்று.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதிப் பார்த்தவற்றை அழிக்காமல் வைக்கிறேன்.

‘ஆனி மாதத்துக் காற்றில் ஒக்கூரின் புளியமரங்கள்...’

[வேண்டாம். புளியமரத்துக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாதபோதுதான் என்னைப் போன்றவர்கள் மரத்தைப் பிடித்துக்கொள்கிறோம்.]

‘கல்யாணசுந்தரிக்குக் கல்யாணமாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் அவளும் சேதுபதியும் இன்னும்...’

[இது குடும்ப மலர். ஆனால் விஷயம் இதுதான். வாக்கியம் பாதியிலேயே நிற்கட்டும், அவர்களும் பாதியில்தான் நின்றார்கள்.]

‘கட்டில் வைகாசியில் வந்தது.’

இது பரவாயில்லை.

3

கட்டில் அறுபத்தாறாம் வருஷம் வைகாசியில் வந்தது. கீழச்சிவல்பட்டி மருது தன் ஒரே மகள் கல்யாணசுந்தரிக்கு இலவம்பஞ்சு மெத்தையோடு சேர்த்துக் கொடுத்த சீர் அது. செய்தவர் ஆசைத்தம்பி ஆசாரி. கொத்தமங்கலத்துப் பெரிய வீடுகளுக்கு வாசல் நிலை செய்தே பேர் வாங்கியவர், அதுவரை கட்டில் செய்ததில்லை. மருது அவரிடம், மரத்திலும் வேலையிலும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஆசாரியும் பார்க்கவில்லை. வாசல் நிலை என்றால் மேலே கஜலட்சுமி இருக்க வேண்டும் என்பது அவர் கைக்குப் பழகிய சங்கதி. அதனால் கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலும், தாமரையில் அம்மன் உட்கார, இரண்டு பக்கமும் யானைகள் தண்ணீர் ஊற்ற, ஆள் மார்பு உயரத்துக்குச் செதுக்கி வைத்துவிட்டார்.

மாப்பிள்ளையின் ஒக்கூர் வீட்டில் இருந்தது ஒரே ஓர் அறை. முன்பு நெல் கொட்டி வைத்த அறை. தெற்குச் சுவரில் சின்ன வாசல், வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. அதை அளந்து சொல்லியனுப்பியது சேதுபதிதான். நீளத்தை அளந்தான், அகலத்தை அளந்தான், திசையை விட்டுவிட்டான். ஆசாரி கட்டிலைப் பாகம் பாகமாகக் கொண்டுவந்து, அறைக்குள்ளேயே பூட்டி, இனி யாராலும் கழற்ற முடியாதபடி மர ஆணி அடித்துவிட்டுப் போனார்.*

கட்டில் அறையை அடைத்துக்கொண்டது. வாசற்படியைத் தாண்டினால் தரை கிடையாது, நேரே மெத்தைதான். தலைமாட்டுப் பலகையைத் தெற்கே வைத்தால் அது வாசலை மூடிவிடும், ஆகையால் வடக்கே வைத்தார்கள். அன்று சாயங்காலம்தான் சேதுபதியின் தாயார் காளியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தார்.

வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது. சரி, மாற்றிப் படுக்கலாம் என்றால் கால் நேரே கஜலட்சுமியின் மடியில் போய் இடிக்கும்.

“நல்லா இருக்கீகடா ரெண்டு பேரும்” என்றார் காளியம்மாள். “தலைய வச்சா எமன், கால நீட்டுனா மகாலட்சுமி.”

அன்றிலிருந்து கல்யாணசுந்தரி கூடத்தில் மாமியார் பக்கத்திலும், சேதுபதி வாசலில் கயிற்றுக் கட்டிலிலும் படுத்தார்கள்.

(* பலகையை மட்டும் அறுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். ஆசாரியிடம் கேட்டார்கள். தன் கையால் உட்கார வைத்த அம்மனைத் தன் கையால் அறுக்க மாட்டேன் என்றார். கட்டிலை உடைத்து வெளியே எடுத்தால் சம்பந்தி வீட்டுச் சீரைத் தெருவில் எறிந்ததாக ஊர் பேசும். அம்மன் முகத்தைத் துணியால் மூடலாம் என்று கல்யாணசுந்தரி சொன்ன யோசனைக்காகக் காளியம்மாள் ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை.)

4

இந்த இடத்தில் எனக்குச் சேதுபதி மீது சந்தேகம் வருகிறது. இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை, ஏர் பிடித்த கை. இப்படியா சும்மா இருப்பான்? அவனுக்குக் கொஞ்சம் ரோஷம் ஏற்றிப் பார்த்தேன்.

‘சேதுபதி உளியை எடுத்துக்கொண்டு அறைக்குள் பாய்ந்தான். “அம்மா, இன்னைக்கி ரெண்டுல ஒண்ணு பாத்து...”’

[இது அவன் இல்லை. தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன், தாயாரிடம் இன்னொரு கரண்டி குழம்பு கேட்கவே கூச்சப்படுகிறவன். பேனாவை நான் பிடித்திருக்கிறேன் என்பதற்காக அவன் வேறு ஆளாகிவிட மாட்டான்.]

ஆகவே அவனை விட்டுவிட்டு நான் கல்யாணசுந்தரி பக்கம் வந்துவிடுகிறேன். அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது. கஷ்டமே அதுதான். பிடிக்காமல் இருந்திருந்தால் கூடத்தில் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். சந்தைக்குப் போனால் மறக்காமல் அவளுக்குப் பூ வாங்கி வருவான். அதைக் கையில் கொடுக்கத் தைரியம் இல்லாமல் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டுப் போவான். அவள் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, சோறு போடும்போது அவன் பார்க்கிறானா என்று பார்ப்பாள். பார்ப்பான். அத்தோடு சரி.

இதற்கிடையே கட்டில் கோயிலாகிக்கொண்டிருந்தது. முதல் வெள்ளிக்கிழமை காளியம்மாள் அம்மனுக்குக் குங்குமம் வைத்தார். அடுத்த வெள்ளி மெத்தை மேல் ஒரு தாம்பாளம் வைத்து விளக்கேற்றினார். பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் வந்து கும்பிட்டுப் போனாள். போன வேகத்தில் அவள் வீட்டில் காணாமல்போயிருந்த ஆடு திரும்பி வந்துவிட்டது. அதற்கடுத்த வெள்ளி தெருப் பெண்கள் வெற்றிலை பாக்கோடு வந்து வாசற்படியில் வரிசையாக நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் விளக்கு சாய்ந்து, மெத்தையில் எண்ணெய் கொட்டியது.

விதி இரண்டு: இலவம்பஞ்சு மெத்தையை வாரம் ஒருமுறையாவது வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். [கல்யாணசுந்தரி தினமும் தட்டினாள். அந்த அடியைப் பார்த்தவர்கள் அது மெத்தைக்கு விழுகிற அடி என்று நினைத்திருக்க மாட்டார்கள்.]

விதி மூன்று: எண்ணெய் பட்டால் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்து, ஈரம் முழுக்கப் போகும்வரை காயவிட வேண்டும்.

விதி நான்கு: மெத்தையை ராத்திரி வெளியே விடவே கூடாது. இதற்கு விதிவிலக்கு கிடையாது.

5

நாள் போய்க்கொண்டிருந்தது. ஆடி பிறந்தால் மருது வந்து மகளை அழைத்துக்கொண்டு போய்விடுவார். புதுசாகக் கல்யாணமானவர்கள் ஆடியில் பிரிந்திருப்பது வழக்கம். சேர்ந்தே இராதவர்கள் எப்படிப் பிரிவது என்பதுதான் கல்யாணசுந்தரிக்குப் புரியவில்லை. போன இடத்தில் அம்மா ஏதாவது கேட்டால் என்ன சொல்வது? அழுகை வந்தது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டாள்.

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: இருவரும் குறுக்காகப் படுத்துக்கொள்கிறார்கள். [கட்டிலின் அகலம் ஐந்தடி. அவள் அடங்கிவிடுவாள். அவன் ஆறடி. முழங்காலை மடக்கி எத்தனை நேரம்?]

முடிவு ஆ: காளியம்மாளின் கனவில் அம்மன் வந்து, “பிள்ளைகள் படுத்துக்கட்டும்” என்று... [சாமியைக் கூப்பிட்டுக் கதையை முடிப்பது சோம்பேறித்தனம். மேலும் அந்த வீட்டில் அவள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறாள்.]

முடிவு இ: வடக்கே தலை வைத்தால் என்ன என்று எல்லோரும் ஒரே நாளில் பகுத்தறிவாளர்கள் ஆகிறார்கள். [எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.]

மூன்றையும் தள்ளிவைத்துவிட்டு, கல்யாணசுந்தரி என்ன செய்தாள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

6

ஆனி கடைசி நாள். காலையில் மெத்தையைக் கொல்லையில் போடாமல், ஊருக்கு வெளியே இருக்கிற தங்கள் நெல்லடிக்கும் களத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். எண்ணெய் பட்ட இடத்தைத் தேய்த்துத் தண்ணீர் விட்டு அலசினாள், விதி மூன்றில் சொன்னதைவிடச் சற்றுத் தாராளமாகவே. பொழுது சாயும்போது வெறுங்கையோடு வீடு திரும்பினாள்.

மெத்தை எங்கே என்று காளியம்மாள் கேட்டார்.

“இன்னும் ஈரமா இருக்கு அத்தை. இப்பச் சுருட்டுனா பஞ்சு கட்டி தட்டிப் போகும். காத்துல கெடக்கட்டும்.”

விடிந்தால் சம்பந்தி வருகிற நாள். வருகிற மனுஷன் முதலில் மெத்தையைத்தான் பார்ப்பார். அதை எவனாவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன பதில் சொல்வது? காளியம்மாள் உடனே மகனைக் களத்துக்குக் காவலுக்கு அனுப்பினார். அவன் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் போனான்.

கல்யாணசுந்தரி தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இதற்கு மேல் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. மாமியாரிடம் கேட்க வாய் வரவில்லை, உள்ளே திரும்பவும் கால் வரவில்லை.

காளியம்மாள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே, அவன் தண்ணீர் எடுக்காமல் போய்விட்டான், நீயே கொண்டுபோய்க் கொடு என்றார்.

“குடுத்துட்டு வந்துரவா அத்தை?”

காளியம்மாள் அறைக்குள் இருந்த கஜலட்சுமியை ஒரு தரம் பார்த்தார், மருமகளை ஒரு தரம் பார்த்தார்.

“களத்துல நாலு தெசையும் கெடக்குத்தா. ரெண்டு பேரும் வடக்க மட்டும் தலை வச்சிராதீக.”

7

நான் அந்த வீட்டு வாசலிலேயே நின்றுகொள்கிறேன். களத்துக்கு வர மாட்டேன், நீங்களும் வர வேண்டாம்.

வேண்டுமானால் மறுநாள் காலையை உங்களிடம் தருகிறேன். மருது வந்து இறங்குகிறார். பொழுது நன்றாக விடிந்தும் மெத்தை இன்னும் வீடு வந்து சேரவில்லை. காளியம்மாள் காப்பியைக் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார். தெருமுனையில் மெத்தையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வருகிறார்கள். மருது மருமகனிடம், “மெத்தை சௌகரியமா இருக்கா மாப்பிள்ளை?” என்று கேட்கிறார். சேதுபதியின் பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்:

“..............................”

நாச்சியப்பன் கட்டுரையைக் கேட்டு மறுபடியும் ஆள் அனுப்பியிருக்கிறார். மூன்று விதிகளை அப்படியே கொடுத்துவிட்டேன். நாலாவதை அடித்துவிட்டேன்.