பாட்டு கேட்கிற வேகம்

"டேய் ஜான்சா, பஸ்ஸு!"

சுகிர்தா கத்தி முடிப்பதற்குள் கார் பஸ்ஸைத் தாண்டி, எதிரே வந்த லாரிக்கு இடம் விடாமல் புகுந்து வெளியே வந்துவிட்டது. மடியில் கிடந்த தகப்பன் தானியேலின் தலை சரிந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆவாதுக்கா. நூத்திநாப்பதுல போனாலும் டீ கிளாஸ் ஆடாது," என்றான் தம்பி. சொல்லிக்கொண்டே கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். அவன் பார்க்கும் போதெல்லாம் ரோட்டைப் பார்க்க ஆளில்லை.

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று நின்றவன் ஜான்சன்தான். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் யாரிடமும் இல்லாத கார். வாங்கி ஆறு மாதமாகிறது, தகப்பன் ஒரு நாளும் ஏறவில்லை.

"எந்தத் தெருவுல நம்ம தாத்தா செருப்ப கைல எடுத்துக்கினு நடந்தாரோ, அந்தத் தெரு வழியா நைனா இதுல போவணும். உசுரோட போவணும். அந்தத் தெருக்காரனுங்க பாக்கணும்," என்றிருந்தான்.

தானியேலுக்குப் பழைய மொபெட்டே போதும். கீர்த்தனை பாடிக்கொண்டே ஓட்டுவார். வேகமாகப் போகச் சொன்னால் சிரிப்பார். "இருபத்தஞ்ச தாண்டுனா நம்ம பாட்டு நம்ம காதுலயே வுழாதுடா."

பழையசீவரம் தாண்டியதும் சுகிர்தா அவர் மூக்கடியில் விரலை வைத்தாள். காற்று பட்டது. மூச்சா, ஏசியா என்று தெரியவில்லை.

"ஏசிய நிறுத்துடா."

"ஏன், குளுருதா நைனாக்கு?"

"நிறுத்து."

நிறுத்தினான். விரலை மறுபடி வைத்தாள். ஒன்றுமில்லை. மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் உள்ளங்கையை அழுத்தினாள். அடித்துக்கொண்டது அவளுடைய நெஞ்சுதான்.

தொண்டைக்கு வந்த கத்தலை முந்தானையால் அடைத்தாள். அம்மா செத்த சேதியைப் போனில் கேட்டுப் பைக்கைப் புளியமரத்தில் விட்டவன் இவன். இடது முட்டியில் இன்னும் கம்பி இருக்கிறது. இப்போது சொன்னால்?

பாலாற்றுப் பாலம் கடந்தது. வேகம் குறையவில்லை. தூரத்தில் பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். வண்டி ஏறாமலிருக்க ஓரமாகக் கல், கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து நெல்லைத் தள்ளும் பெண்கள்.

"நைனா எப்டி கீது? அக்கா, உன்னத்தான்!" அவன் கண் மறுபடி கண்ணாடிக்குப் போயிற்று.

"மெதுவா போவ சொல்றாருடா!"

"பேசுனாரா?"

"இருபத்தஞ்சுல போவணுமாம். ஜன்னல தொறக்கணுமாம்."

பிரேக் விழுந்தது. நெல் தள்ளிய பெண்கள் நிமிர்ந்து பார்க்க, கார் அவர்களை உரசாமல் ஊர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகள் இறங்கின. வைக்கோல் வாசனை உள்ளே வந்தது. அதன்பின் அவன் காலை அழுத்தவேயில்லை. ஏரிக்கரையில் மொபெட்டில் வந்த ஒருவர் ஹாரன் அடித்துத் தாண்டினார். "இன்னாப்பா, தள்ளி வுடணுமா?"

ஜான்சன் சிரித்துவிட்டான். "அக்கா, ஸ்டேரிங்கு ஒரு வெரல்ல திரும்புது பாரேன். ஆறு மாசமா எனக்கே தெரியல."

சுகிர்தா தகப்பனின் கையைத் தடவினாள். அது சில்லிட ஆரம்பித்திருந்தது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திரும்பாதபடி தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

அந்தத் தெரு வந்தது. வாசல்களில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஜான்சன் அவர்களைப் பார்க்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. ஏரிக்கரையிலிருந்தே பார்க்கவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

மெல்லிய குரலில் கீர்த்தனையின் முதல் அடியைப் பாடினான். வீட்டு ஜெபத்தில் இரண்டாவது அடி எப்போதும் தானியேலுடையது. நிறுத்தினான். வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது.

தகப்பனின் தாடை திறந்துகொள்ளாமல் ஒரு கையால் தாங்கியபடி, சுகிர்தா இரண்டாவது அடியை எடுத்தாள்.