யோசிக்கிறவனுக்கு மார்க் இல்லை

நைஜீரியாவின் இபாதான் நகரில் ஆறு வருடமாக ஆங்கிலத்திலேயே மண்ணியல் பாடம் நடத்திவருகிற அடிகுனுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை, கடல் தாண்டி இருக்கிற அந்தப் பல்கலைக்கழகம் நம்பவில்லை. பள்ளியில் தாய்மொழியான யொருபா பேசியதற்காகப் பிரம்படி வாங்கி வளர்ந்தவன் அவன். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் ஒன்பதுக்கு ஏழு வேண்டும். முதல் முறை ஆறுதான் வந்தது. இன்னொரு முறை தவறினால் ஆராய்ச்சி இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

பயிற்சி மையம் நடத்திய கொலாடே அவனைவிட எட்டு வயது இளையவன். லண்டனைப் பார்த்ததில்லை, ஆனால் வாயைத் திறந்தால் லண்டன் அவன் மூக்கு வழியாக வந்துகொண்டே இருந்தது.

“அண்ணே, கேள்வி கேட்டா ஏன் மேல பாக்கறீங்க? பதில் என்ன ஃபேன்லயா சுத்துது?”

“யோசிக்கறேன்.”

“அதான் வியாதியே. யோசிக்கறவனுக்கு மார்க் இல்ல. பொய்யா இருந்தாலும் பரவால்ல, நிறுத்தாம சொல்லுங்க.”

பின்வரிசைப் பெண் ஒருத்தி, “வீட்டுக்காரம்மாகிட்டயும் இப்படித்தானா சார்?” என்றாள். வகுப்பே சிரித்தது.

தேர்வறையில் ஓர் அம்மாள் ஒலிப்பதிவுக் கருவியைத் தட்டிவிட்டு, அவன் எடுத்த கடினமான முடிவொன்றைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னாள். பார்வை கடிகாரத்தில் இருந்தது.

உண்மையான பதில் ஒன்று அவனிடம் இருந்தது. மனைவி சிகேமியையும் கைக்குழந்தையையும் நான்கு வருடம் விட்டுப் போவது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். அங்கே சும்மா இருக்க இடமில்லை. இல்லாத ஒரு மாமாவை உண்டாக்கி, அவருக்கு ஒரு கடை வைத்துக் கொடுத்து, அதைத் தான் விற்க நேர்ந்த கதையை மூச்சுவிடாமல் சொன்னான். நேரம் மிச்சமிருந்ததால் மாமாவைச் சாகடித்தான். அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டாள். பேருந்தில் சர்வரோக நிவாரணி விற்கிறவன்கூட இதைவிடக் கூச்சத்தோடு பொய் சொல்வான். அவள்மேல் வந்த இளக்காரம் அவளோடு நிற்கவில்லை, தன்மேலும் திரும்பியது.

எட்டு வந்தது.

சிகேமி கைபேசியை வாங்கிப் பார்த்தாள். முதுகில் கட்டியிருந்த குழந்தை தூங்கிவிட்டிருந்தது.

“அப்ப, போறதுன்னே முடிவு பண்ணிட்டியா?”

அவன் மேலே, ஃபேனைப் பார்த்தான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவசரப்படுத்தவில்லை.