உறுமினால் பிரேக்

வீட்டில் அவளுக்குத் துடைப்பம் என்று பெயர். வைத்தவன் அண்ணன். என்ன வேலை பார்க்கிறாய் என்று அவன் கேட்டபோது, "டேட்டாவைச் சுத்தம் பண்றேன்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்ததன் பலன். லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் எட்டு வருடப் பதிவுகளை ஒழுங்குபடுத்தி, அடுத்து எந்த லிப்ட் எந்தக் கோளாறால் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லும் கம்ப்யூட்டர் மாடலுக்கு ஊட்டுவது அவள் வேலை. அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில் "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றி வந்தாள்.

பதிவுகள் பெட்டிக்குள் பெட்டியாக இருந்தன. கட்டடத்துக்குள் நாலு லிப்ட், லிப்டுக்குள் நூறு வருகை, வருகைக்குள் கோளாறு எண், மாற்றிய பாகங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் மெக்கானிக் கிறுக்கிய குறிப்பு. மாடலுக்கு இந்த அடுக்குமாடி ஆகாது. ஒரு வருகைக்கு ஒரு வரி என்று தட்டையாக வேண்டும். மூன்று வாரம் மல்லுக்கட்டித் தட்டையாக்கினாள். குறிப்புகளை மட்டும் மேலாளர் தூக்கிப் போடச் சொன்னார். "அது குப்பைம்மா. கோளாறு எண் ஒண்ணு போதும்."

மாடல் தொண்ணூற்று நான்கு சதவீதம் சரியாகச் சொன்னது. மேலாளர் அந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்து அறைச் சுவரில் ஒட்டினார். மாடல் தரும் முதல் பன்னிரண்டு லிப்டுகளைத்தான் இந்தச் சுற்றில் பிரித்துப் பார்ப்பார்கள். மற்றவற்றுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் முறை. திங்கட்கிழமை அந்தப் பட்டியலில் மேலாளர் கையெழுத்து.

துடைப்பத்துக்கு மட்டும் உறுத்தியது. பன்னிரண்டு லிப்டுக்கும் மாடல் ஒரே கோளாறைச் சொன்னது: கதவு.

சனிக்கிழமை காலை சித்தப்பா வீட்டுக்குப் போனாள். அவர் அதே கம்பெனியில் இருபத்தைந்து வருட மெக்கானிக்.

"சித்தப்பா, லிப்டுல கதவு மட்டும்தான் கெட்டுப்போகுமா?"

"யாருடி சொன்னா?"

"நீங்கதான். போன வருஷம் முன்னூத்திப் பத்து வேலை. அதுல முன்னூறு கதவு."

சித்தப்பா பேப்பரை மடித்தார். "போன்ல ஒரு ஃபாரம் வரும். எதையாவது தொடாம மூடாது. கதவு முதல் வரி, பிரேக் பதினேழாவது. கையெல்லாம் கிரீஸ், பின்னால நாலு பேரு 'எப்பங்க சரியாகும்'னு நிக்கறான். கதவைத் தொட்டேன், வீட்டுக்கு வந்தேன்."

"எல்லாருமேவா?"

"எல்லாருக்கும் வீடு இருக்குல்ல."

ஆக, மாடல் கணித்தது கோளாறை அல்ல. மெக்கானிக்கின் விரல் எங்கே படும் என்பதை. அதையும் மிகத் துல்லியமாகக் கணித்திருந்தது.

"அப்ப நிஜத்தை எங்கதான் எழுதுவீங்க?"

"குறிப்புல. எழுதலேன்னா அடுத்துப் போறவன் என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவான்."

தூக்கிப் போட்டதைத் துடைப்பமே மீண்டும் பொறுக்கி எடுத்தாள். லேப்டாப்பை அங்கேயே விரித்து, குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைத் தனியே பிரித்தாள். உறுமுது. முனகுது. அழுவுது.

"இது லிப்டா, குடும்பச் சண்டையா?"

"உறுமினா பிரேக்கு. முனகினா மோட்டார். அழுதா கயிறு."

"பாடுதுன்னு ஒண்ணு இருக்கே?"

"அது நல்லா ஓடுதுன்னு அர்த்தம்டி. மனுஷன் சந்தோஷத்தை எழுதக் கூடாதா?"

டீ கொண்டுவந்த சித்தி, "இவரு எங்கிட்ட மொத்தமா இவ்வளவு வார்த்தை பேசினதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு பகலில் துடைப்பம் அறுபத்து மூன்று சொற்களுக்குக் கோளாறு எழுதினாள். பிடிபடாத குறிப்புகளைக் கதவு என்று விட்டுவைக்காமல், 'தெரியவில்லை' என்று மாற்றினாள்.

திருத்திய பதிவுகளை ஊட்டியதும், திங்கட்கிழமை மாடல் எழுபத்தொரு சதவீதத்துக்கு இறங்கியது.

"மிச்சம் இருபத்து மூணு எங்கம்மா போச்சு?" மேலாளர் கிட்டத்தட்ட மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார்.

"அது எப்பவுமே இல்ல சார். புதுப் பட்டியல்ல முதல் பேரைப் பாருங்க."

பிரசவ ஆஸ்பத்திரி, இரண்டாவது லிப்ட். ஆறு வாரத்தில் மூன்று குறிப்பு: உறுமுது. முடுக்கிவிட்டேன், உறுமுது. ரொம்ப உறுமுது, அடுத்தவர் பார்க்கவும். மூன்றுக்கும் பதிவான கோளாறு: கதவு. பழைய பட்டியலில் அந்த லிப்ட் நூற்று எண்பதாவது இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"மேலிடத்துக்குத் தொண்ணூத்து நாலுன்னு சொல்லிட்டேனேம்மா."

"சொன்னதுலயே கையெழுத்துப் போடுங்க சார். இந்த மூணு வரியையும் அச்சடிச்சு சுவத்துல அந்தத் தொண்ணூத்து நாலு பக்கத்துலயே ஒட்டிடறேன்."

உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேனாவைத் தேடினார்.

மதியமே ஆஸ்பத்திரி லிப்டை நிறுத்தினார்கள். சித்தப்பா பிரேக்கைப் பிரித்தார். உராய்ந்து நிறுத்த வேண்டிய லைனிங் தேய்ந்து காகிதமாக இருந்தது.

"எவ்வளவு நாள் தாங்கியிருக்கும் சித்தப்பா?"

"கேக்காத." சிறிது நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். "அந்த மூணாவது குறிப்பு நான் எழுதினது."

புது லைனிங் மாட்டி, ஏழெட்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். ஃபாரம் திறந்தது. முதல் வரி கதவு. பின்னால் ஒரு கர்ப்பிணி, அவள் புருஷன், இரண்டு நர்ஸ்.

"எப்பங்க சரியாகும்?"

சித்தப்பா விரலைப் பேண்ட்டில் துடைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். விரல் வழுக்கிப் பட்டியல் மறுபடி மேலே ஓடியது. முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"நான் போடவா சித்தப்பா?"

"பன்னெண்டாவது வரிக்கு வந்துட்டேன் தொடப்பம். பேசாம நில்லு."