பூஜையில் வைத்த ருஷ்யர்

1992-ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று காலை, பெங்களூர் அல்சூரில் தையல்காரி வேதநாயகியின் சாமி அலமாரியிலிருந்து ஒரு ருஷ்யப் படை அதிகாரி இறங்கி வந்து, தேநீர் கிடைக்குமா என்று கேட்டார். பால் அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது. பெயர் பாவெல் நிக்கொதீமவிச், வயது இருபத்தேழு. சோவியத் நாடு கலைந்தபின் மூட்டை மூட்டையாகத் தள்ளிவிடப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்பு நாவல்களில் ஒன்றின் கதாநாயகன். வேதநாயகி அதை முக்கால்வாசி படித்திருந்தாள். தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்த கையோடு புத்தகத்துக்கும் வைத்திருந்தாள். விஜயதசமியன்று பூஜையை எடுக்கும்வரை எதையும் தொடக்கூடாது என்பதால் அவருக்கு ஒரு நாள் லீவு கிடைத்திருந்தது.

மொழிபெயர்ப்பாளர் கொடுத்த தமிழைத் தவிர அவருக்கு வேறு தமிழ் தெரியாது. "மதிப்பிற்குரிய சீமாட்டியே, தாங்கள் அடுத்த பக்கத்தைத் திருப்பினால், நாளை விடியலில் கர்னல் என்னைச் சுட்டுக் கொன்றுவிடுவார்."

வேதநாயகி அவரை நிஜமாகவே விரும்பத் தொடங்கியிருந்தாள். "துப்பாக்கிய இப்படிக் குடுங்க சார்" என்று வாங்கி, சந்தனம் தடவி, மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் விடியலில் கர்னல் கம்பளிக் கோட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். "இன்னும் பூஜைய எடுக்கல சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி, பொரிகடலை கொடுத்து அனுப்பினாள். அவர் ஒவ்வொரு விஜயதசமிக்கும் வந்தார். நாலைந்து வருஷத்தில் பொரிக்காகத்தான் வருகிறார் என்பது தெருவுக்கே தெரிந்துபோயிற்று.

பூஜையை எடுக்காததால் மெஷினையும் தொட முடியவில்லை. அரைகுறையாய் நின்ற ஜாக்கெட்டுகளுக்காக அக்கம்பக்கத்துப் பெண்கள் திட்டித் தீர்த்தார்கள். வேதநாயகி பொம்மசந்திராவில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். சொந்த மெஷின் இருக்க அடுத்தவன் மெஷினில் காலர் தைக்கிறோமே என்று முதல் வாரம் பஸ்ஸில் அழுதுகொண்டே போனாள். ஆனாலும் பூஜையை எடுக்கவில்லை.

விஷயம் உலக இலக்கியம் முழுக்கப் பரவியது. கடைசி அத்தியாயத்தில் சாக இருந்த ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி இருமிக்கொண்டே வந்தாள். ஒரு வங்காள ஜமீன்தார் விசிறியோடு வந்தார். காதலுக்காகச் சாவதை ருஷ்யர்கள் தன் நாட்டில்தான் கற்றார்கள் என்றாள் பிரெஞ்சுக்காரி. சும்மா படுத்துக்கிடப்பதைத் தான் ருஷ்யர்களிடம் கற்றதாக ஒப்புக்கொண்டார் ஜமீன்தார். கழுவாத பாத்திரம் யாருடையது என்ற சண்டையில் மட்டும் மூன்று நாடுகளும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டன.

1998-இல் லிங்கராஜபுரத்திலிருந்து கல்லூரி ஆசிரியர் ஓஸ்வால்ட் புகாரோடு வந்தார். பாடமாக இருந்த பாவெலின் நாவலில், எல்லாப் பிரதிகளிலும் கடைசி நாற்பது பக்கம் வெறும் தாளாகிவிட்டதாம். "பசங்களுக்கு எக்ஸாம்மா. பூஜைய எடுத்துடுங்க. அவரு செத்தாத்தானே அது ட்ராஜடி?"

"உங்க பசங்க பாஸாவணும்னு இவரு சாவணுமா? நல்லா இருக்கே சார் நியாயம்!"

ஓஸ்வால்ட் தலையைச் சொறிந்தபடி போய்விட்டார். அந்த ஆண்டிலிருந்து 'நாயகனின் முடிவு யாது?' என்ற கேள்விக்கு 'அல்சூரில் நலம்' என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

2003-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சவரம் செய்துகொண்டிருந்த பாவெல் திடீரென்று கத்தினார். வேதநாயகி பதறி ஓடினாள். காதோரம் ஒரு நரைமுடி. நாவல் எழுதப்பட்ட நாளிலிருந்து நூற்று முப்பது வருஷம் இருபத்தேழு வயதிலேயே நின்றிருந்த மனிதர், முகமெல்லாம் சோப்பு நுரையோடு சந்தோஷத்தில் அழுதார்.

"டை வாங்கிட்டு வரவா?" என்றாள்.

"வேண்டாம் வேதா" என்றார். அவர் சீமாட்டியே என்று சொல்லாதது அன்றுதான் முதல் தடவை.